கடல் கட்டையில உப்பை எடுத்த கதை: ஒரு கம்மல் ஸ்டாண்டுக்கு பத்து மாச வேலை

தங்கச்சி டெரகோட்டா நகை செய்யுறா, ஜிமிக்கி, கம்மல், பட்டுநூல் கயித்துல கோத்த ஆரம் எல்லாம். கடலூர், புதுச்சேரி பக்கம் எங்க ஸ்டால் போட்டாலும் நான்தான் கூட போய் மேசை போட்டு குடுப்பேன். பிளாஸ்டிக் ஸ்டாண்டுல தொங்கவிட்டா மண் நகைக்கு ஒரு களையே இல்லன்னு அவ சொல்லிட்டே இருந்ததால, தேவனாம்பட்டினம் கடற்கரையில ஒதுங்கி கெடந்த ஒரு கிளைய தூக்கிட்டு வந்து நானே ஒண்ணு செஞ்சு குடுத்தேன். ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டேன், ரெண்டு வாரம் வெயில்ல காயவச்சேன், உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சேன், பளபளன்னு வார்னிஷ் ரெண்டு கோட்டு, கொக்கிக்கு சாதாரண இரும்பு கொக்கி. சித்திரை வெயில்ல அது ஜம்முன்னு நின்னுச்சு, வந்தவங்க எல்லாம் நகைய விட்டுட்டு ஸ்டாண்டு என்ன விலைன்னு கேட்டாங்க.

2024 தீபாவளி சமயம் மூணு நாள் ஸ்டால். ரெண்டு நாளா விட்டு விட்டு மழை. மூணாவது நாள் காலையில துணிய எடுத்துப் பாத்தா கட்டை முழுக்க வேர்த்து நிக்குது, வார்னிஷ் அங்கங்க கொப்புளம் போட்டு உரிஞ்சிருக்கு, அதுக்கு அடியில வெள்ளையா பூத்திருக்கு, கொக்கி எல்லாம் துரு. அவ ஒரு வாரம் உக்காந்து செஞ்ச ஆரத்தோட வெள்ளை பட்டுநூல்ல துரு கறை ஏறிடுச்சு. அவ ஒண்ணும் சொல்லல, அந்த ஆரத்த மட்டும் எடுத்து பைக்குள்ள வச்சிக்கிட்டா. எனக்கு அன்னிக்கு தொண்டைய அடைச்சுது. அதனாலதான் இத இவ்ளோ விவரமா எழுதறேன், வேற யாராவது கடல் கட்டைய எடுத்து ஏதாவது செய்யறதா இருந்தா முதல்ல உப்ப பத்தி தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் வார்னிஷ் டப்பாவ தொறங்க.

நடந்தது என்னன்னா, நம்ம வீட்டு அடுப்படியில கல்லுப்பு ஜாடி அடைமழையில தண்ணி விட்டு நிக்கும்ல, அதேதான். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினா சுத்தமான உப்பே தன்னால தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சிடும், கடல் உப்புல மக்னீசியம் குளோரைடு வேற கலந்திருக்கு, அது அதுக்கும் ரொம்ப முன்னாடியே தண்ணிய இழுக்கும். கடலூர்ல ஐப்பசி கார்த்திகையில ஈரப்பதம் 80, 90ன்னு நிக்கிற ஊரு. கட்டைக்குள்ள உப்பு இருக்கறவரைக்கும் அது ஒவ்வொரு மழைக்கும் தண்ணிய உள்ள இழுக்கும், வெயிலடிச்சா தண்ணி மட்டும் வெளிய போகும், உப்பு மேல வந்து படிகமா நின்னு வார்னிஷ அடியிலேர்ந்து தூக்கும். மேல என்ன பூசினாலும் இது நிக்காது. காயவைக்கறதுனாலயும் உப்பு போகாது, காய்ஞ்சா தண்ணிதான் போகும்.

அடுத்த மாசமே ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்துச்சு, அதுக்கப்புறம் சாத்தனூர் அணையிலேர்ந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்துவிட்டு தென்பெண்ணை கரை தெரியாம ஓடுச்சு. எங்க பக்கம் எத்தனையோ பேருக்கு வீடு, பயிர், மாடு எல்லாம் போச்சு, அத பாத்துட்டு உடனே கட்டை பொறுக்க போக மனசு வரல. மார்கழி கடைசியில தாழங்குடா பக்கம் ஆறு கடல்ல சேர்ற எடத்துக்கு போனேன். ஆறு கொண்டுபோய் கடல்ல தள்ளினத கடல் திரும்ப கரையில போட்டு வச்சிருந்துச்சு, சவுக்கு, தென்னை மட்டை, பனை, வேலி கட்டை, வேரோட புடுங்கின மரம்னு மலை மாதிரி.

எடுக்கும்போது நான் பாக்கறது கொஞ்சம்தான். விரல் கணுவால தட்டினா டொக்குன்னு கெட்டி சத்தம் வரணும், பொத்துன்னு வந்தா உள்ள இத்துப் போயிருக்கு. ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு அழுத்தினா உள்ள போகக்கூடாது. தென்னை, பனை ரெண்டையும் விட்டுடுவேன், காய காய நார் நாரா பிரியும், நூல் மாட்டிக்கும். பெயிண்டு அடிச்ச பழைய படகு பலகை பாக்க ரொம்ப அழகா இருக்கும் ஆனா பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம், படகு அடியில பூசறதுல விஷம் சேத்துதான் செய்வாங்க, அத தேய்ச்சு தூசிய மூச்சுல இழுக்கறது வேண்டாம். மணல் மேட்டுல அடும்பு கொடியும் ராவணன் மீசையும் பாதி மூடி வச்சிருக்கற கட்டைய தயவுசெஞ்சு புடுங்காதீங்க, அந்த கட்டைதான் அங்க மணல புடிச்சு வச்சிருக்கு. தை, மாசியில பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லின்னு சொல்ற கடலாமை) முட்டை போட வர்ற கரை இது, ராத்திரியில டார்ச் அடிச்சிட்டு கட்டை தேட போகவே கூடாது. பிச்சாவரம் மாதிரி காப்புக்காட்டுக்குள்ள எதையும் தொடக்கூடாது, மன்னார் வளைகுடா தேசிய பூங்கா தீவுகள்லயும் அப்படித்தான். பவளம் ஒட்டியிருந்தா அது எங்க கெடந்தாலும் அங்கயே விட்டுடணும், பவளம் பாதுகாக்கப்பட்ட உயிர், எடுத்தா கேஸ் ஆகும்.

மூணு எடுத்தேன். நாலடி நீளத்துல கை விரிச்ச மாதிரி ஒரு சவுக்கு வேர், வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துல வளைஞ்ச ஒரு கிளை, அப்புறம் முண்டும் முடிச்சுமா ஒரு குட்டை கட்டை. அத அடியில அறுத்ததும் உள்ள கருஞ்சாக்லேட் நிறம், பூவரசு. மூணும் சேத்து ஈரத்தோட பதினெட்டு கிலோ, மீன் எடை போடற தொங்கு தராசுல போட்டேன்.

தூக்க ஒத்தாசை பண்ண ஒரு மீனவர் அண்ணன் இத கேட்டுட்டு, "தம்பி, கடல் கட்டைய எடுத்தவுடனே தொடாத, ஒரு மழைக்காலம் பூரா வெளிய கெடக்கட்டும், மழை அடிச்சு அடிச்சு அதுல உள்ள கடல் போவட்டும்"னாரு. கட்டுமரத்த கரைக்கு இழுத்ததும் கயித்த அவுத்து ஒவ்வொரு கட்டையா காயப்போட்டு வளர்ந்தவர் அவரு. எனக்கு அடுத்த மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது, மழை செய்யறத டிரம்ல செய்யலாமான்னுதான் ஆரம்பிச்சேன். அவரே ஓட்டை மூடியோட கெடந்த ஒரு பழைய மீன் ஐஸ் பெட்டிய குடுத்தாரு, நாலடிக்கு மேல நீளம், வேர் முழுசா உள்ள போச்சு.

முதல் வேலை சுத்தம். கட்டையில ஒட்டியிருந்த கொட்டலசு (பார்னக்கிள்னு சொல்ற கூரான ஓடு) எல்லாத்தையும் மழுங்கின கத்தியால நெம்பி எடுத்தேன், கையுறை போடுங்க, கிழிச்சா சீழ் புடிக்கும். கிளையில விரல் தண்டிக்கு ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, உள்ள வழவழன்னு வெள்ளை சுண்ணாம்பு குழாய். கப்பல் புழுன்னு சொல்றாங்களே அதோட வேலை. பேருதான் புழு, உண்மையில அது கிளிஞ்சல் சாதி, உப்புத் தண்ணியில மரத்த துளைச்சு வாழும், கரையில காஞ்சா செத்துடும், அதனால வீட்டுல மத்த மரத்துக்கு ஏறிடுமோன்னு பயப்பட வேண்டாம். செத்தது உள்ளயே அழுகறதாலதான் அந்த குடல புரட்டற நாத்தம். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் சைக்கிள் பம்பு குழாயால தண்ணி பீய்ச்சி, பாட்டில் கழுவற பிரஷ் விட்டு எடுத்தேன், ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதுலயே போச்சு. அந்த வெள்ளை குழாய மட்டும் எடுக்கல, அவ்ளோ அழகு.

ஊறப்போடறதுக்கு முன்னாடியே அடிப்பக்கம் ஸ்டாண்டுக்கு கம்பி ஏத்தற ஓட்டைய துளைச்சிட்டேன், இத நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன். மரத்துல தண்ணியும் உப்பும் நார் போற திசையிலதான் வேகமா போகும், குறுக்க ரொம்ப மெதுவா. தடிச்ச கட்டையோட நடுவுல உள்ள உப்புக்கு அந்த ஓட்டை ஒரு வாசல். இன்னொரு உபயோகமும் ஆச்சு, கீழ சொல்றேன்.

பூச்சி, முட்டை எல்லாம் சாக சூடு காட்டணும். வெளிநாட்டுக்கு போற மரப்பெட்டிக்கெல்லாம் மரத்தோட நடுவுல 56 டிகிரி சூடு அரை மணி நேரம் இருக்கணும்னு உலக விதியே இருக்கு, நான் அதையே இலக்கா வச்சேன். நாலடி கட்டைய வேகவைக்க எங்க அண்டா கெடைக்கும், அங்கதான் ஐஸ் பெட்டி கை குடுத்துச்சு. குளிர வெளிய விடாத பெட்டி சூட்டையும் விடாதுல்ல. கொல்லையில விறகடுப்புல ரெண்டு அண்டா தண்ணி காய்ச்சி, கொதி அடங்கினதும் பெட்டியில ஊத்தி மூடினேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு பாதிய எடுத்துட்டு திரும்ப சுடுதண்ணி. சமையலுக்கு விக்கற குத்து தெர்மாமீட்டர அந்த அடி ஓட்டைக்குள்ள விட்டு பாத்தா நாலாவது மணியில 62 டிகிரி காட்டுச்சு, அதுக்கு மேல ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். மேல் தண்ணிய அளந்து ஏமாறாதீங்க, மேல 75 இருக்கும்போது உள்ள 40தான் இருந்துச்சு. தண்ணி கட்டந்தேத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு, நாத்தம் முக்கால்வாசி போச்சு. அடுப்புக்கு விறகு பத்தலன்னு அறுத்து மிச்சமான கடல் கட்டைய உள்ள தள்ளிடாதீங்க, உப்பேறின கட்டை எரிஞ்சா டையாக்சின் மாதிரி விஷப்பொருள் புகையில வரும்.

இப்ப உப்பு. எங்க வீட்டுல ஆர்ஓ மெஷினுக்கு வாங்கின டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு கெடந்துச்சு, பேனா மாதிரி இருக்குமே, இருநூறு முந்நூறு ரூபா. தண்ணியில கரைஞ்ச உப்ப லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு அது காட்டும், இதுக்குன்னே பொறந்த கருவி மாதிரி. எங்க போர் தண்ணியே 900, கடலோரம் அப்படித்தான். 120 லிட்டர் புடிச்சு கட்டைய போட்டேன், மிதக்காம இருக்க மேல கருங்கல், இரும்பு எதையும் வைக்காதீங்க, மரத்துல உள்ள துவர்ப்பும் இரும்பும் சேந்தா கருப்பு கறை, பழைய காலத்துல மை செஞ்ச முறையே அதுதான். நாலு நாள் கழிச்சு 900 ஆனது 2000. கொட்டிட்டு புது தண்ணி, திரும்ப நாலு நாள், 1500. அடுத்து 1250, 1100, 1010, 960.

இதுல நான் கத்துக்கிட்டது, ரொம்ப நாள் ஊறவைக்கறதவிட தண்ணிய மாத்தறதுதான் வேலை செய்யுது. வெளிய உள்ள தண்ணி உப்பாக ஆக உள்ள உள்ள உப்புக்கு வெளிய வர வேகம் கொறஞ்சிடும், ஒரே தண்ணியில ஒரு மாசம் போட்டுட்டு மாசம் பூரா ஊறவச்சேன்னு நிம்மதியா இருந்தா ஒரு பங்கு உப்பு உள்ளதான் நிக்கும். எனக்கு முதல் தடவ ஒரு நாள் ஊறவச்சப்போ எவ்ளோ உள்ள நின்னிருக்கும்னு இப்ப நெனச்சா வயிறு கலங்குது. நாலு நாளுக்கு ஒருக்கா கொட்டறதுல இன்னொரு நல்லது, கொசு. டெங்கு கொசு முட்டை புழுவாகி பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், பெட்டிய மூடியே வைங்க, மூடி சரியா ஒக்காரலன்னா கொசுவலைய கட்டுங்க. கொட்டற தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, நான் முதல் தண்ணிய பழக்கதோஷத்துல முருங்கைக்கு ஊத்திட்டேன், ஒரு பக்கம் இலை கருகிடுச்சு.

960ல நின்னதும் போர் தண்ணியால இதுக்கு மேல முடியாதுன்னு தெரிஞ்சிடுச்சு, அது தன்னோட உப்பையே திரும்ப கட்டைக்கு குடுக்கும். மொட்டமாடி மழைத்தண்ணி ஒரு டேங்க்ல புடிச்சு வச்சிருந்தோம், டிடிஎஸ் 30. அதுல போட்டதும் 110 ஆச்சு, ரெண்டாவது தடவ 55, அதுலயும் கொஞ்சம் மரச்சாறு. அத்தோட நிறுத்தினேன். கணக்கு பாத்தா எட்டு தண்ணி, 32 நாள். அண்ணன் சொன்ன மழைக்காலம் அதுதான், ஐஸ் பெட்டிக்குள்ள.

பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளையாக்கலையான்னு தங்கச்சியே கேட்டா. நான் போடல. அளவு தாண்டினா மரத்தோட மேல் நார் பஞ்சு மாதிரி கெளம்பிடும், அதுவே இன்னொரு உப்ப உள்ள விட்டுட்டு போகும், பத்து மாசம் எதுக்கு கஷ்டப்பட்டோம்? போட்டே ஆகணும்னா காத்தோட்டமான எடத்துல பிளாஸ்டிக் தொட்டியில லேசா போட்டு நல்லா அலசுங்க, பாத்ரூம் கழுவற ஆசிட்டோட மட்டும் எந்த காலத்துலயும் சேராம பாத்துக்கோங்க, குளோரின் வாயு வந்து ஆளையே சாய்ச்சிடும்.

காயவைக்கறது நிழல்லதான். போன தடவ வெயில்ல போட்டு முனையில நீளமா வெடிப்பு விட்டுடுச்சு. இந்த தடவ சாய்ப்புக்கு அடியில செங்கல் மேல வச்சு, அறுத்த முனைக்கெல்லாம் மெழுகுவத்திய உருக்கி தடவிட்டேன், முனை வழியா ஈரம் பறக்கற வேகம் கொறையும். வாரா வாரம் எடை. சவுக்கு வேர் மட்டும் 8.2 கிலோவுல ஆரம்பிச்சு 6.5, 5.6, 4.9ன்னு எறங்கி ஏழு வாரத்துல 4.1ல நின்னுச்சு, அடுத்த ரெண்டு வாரமும் அதே 4.1. எடை நின்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம், தொட்டுப் பாத்து சொல்லவே முடியாது, மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும்.

பூவரசு கட்டையில மட்டும் குண்டூசி தலை அளவு ஓட்டையும் கீழ மாவு மாதிரி தூளும் பாத்தேன், மரத்த உளுக்க வைக்கற வண்டு. சூட்டுல செத்திருக்கும், இருந்தாலும் இனிமே வராம இருக்க மூங்கிலுக்கு பண்ற அதே மருந்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு வெண்காரம் 60 கிராம், போரிக் பவுடர் 40 கிராம், கரைச்சு மூணு தடவ பிரஷ்ல குடுத்தேன். கேரம் போர்டுக்கு போடற அதே போரிக்தான், ஆனாலும் சின்ன பசங்க கைக்கு எட்டாம வைங்க. இது தண்ணியில கரைஞ்சு போயிடும், அதனால வீட்டுக்குள்ள வைக்கற பொருளுக்குத்தான் சரி, மீன்தொட்டிக்குள்ள போடற கட்டைக்கு இத தொடவே தொடாதீங்க.

அப்புறம் உப்புத்தாள். கடல் கட்டைக்கு அந்த வெள்ளி சாம்பல் நிறம் எப்படி வருதுன்னா, வெயில் மரத்தோட மேல் தோல்ல உள்ள லிக்னின சிதைக்குது, மழையும் அலையும் அத கழுவிட்டு போகுது, மிச்சம் நிக்கற வெளுத்த நார்தான் நாம பாக்கற நிறம். அது ரொம்ப மெல்லிசான படலம். நான் போன தடவ 80 நம்பர் தாள போட்டு தேச்சு அத்தனையும் போக்கடிச்சு கடையில வாங்கின புது ரீப்பர் மாதிரி மஞ்சளா ஆக்கிட்டேன். இந்த தடவ முழுக்க தேங்காய் நாரும் பழைய டூத் பிரஷும்தான், நூல் மாட்டுமோன்னு தோணற முனையில மட்டும் 220 தாள், மாஸ்க் போட்டுக்கிட்டு. இரும்பு கம்பி பிரஷ் வேண்டாம், அதோட பொடி மரத்துல தங்கி துருப் புள்ளி விழும்.

மேல் பூச்ச துண்டு கட்டையில சோதிச்சேன். தேங்காயெண்ணெய் காயவே காயாது, ஒரு மாசத்துல பிசுபிசுத்து எறும்பு வந்துச்சு. லின்சீட் ஆயில் சாம்பல் நிறத்த பழுப்பா மாத்திடுது, ஆனா பூவரசுக்கு அது போட்டதும் உள்ள இருந்த சாக்லேட் வரி எல்லாம் எழுந்து வந்துச்சு, பாத்துக்கிட்டே இருக்கலாம் போல. அந்த எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, காயும்போது சூடாகி தானா தீப்புடிக்கும், தண்ணியில நனச்சு விரிச்சு போடணும். பண்ருட்டி பக்கம் முந்திரி ஓட்டு எண்ணெய் கெடைக்கும், மரத்துக்கு நல்ல காவல்தான், ஆனா கருப்பாக்கும், கையில பட்டா கொப்புளம், நகை தொங்கற எடத்துக்கு ஆகாது. வேருக்கும் கிளைக்கும் தண்ணில கரையற மேட் பாலியூரித்தேன் ஒரே ஒரு மெல்லிசு கோட்டு, பளபளப்பு இல்லாதது. அதுவும் கட்டையில தூசி ஒட்டாம இருக்கத்தான்.

மாட்டறது சீக்கிரம் முடிஞ்சுது. அடிக்கு ஒரு பழைய வாசக்கால் துண்டு, 10 மில்லி ஸ்டெயின்லெஸ் மரை கம்பி, எபாக்ஸி. கொக்கி எல்லாம் பித்தளை. கிளையில கொக்கியே போடல, அந்த கப்பல் புழு ஓட்டைங்க வழியா நூல விட்டு ஜிமிக்கிய தொங்கவிட்டா வெள்ளை குழாய்க்கு கீழ செம்மண் நிறத்துல அது ஆடறது... தங்கச்சி அத பாத்துட்டு அந்த ஓட்டை அளவுக்குன்னே சின்ன ஜிமிக்கி ஒரு டஜன் செஞ்சா.

ஐப்பசி வரைக்கும் நான் எதுவும் பேசல. மழை புடிச்ச நாலாவது நாள் கூடத்துல ஈரப்பதம் 88. புது ஸ்டாண்டு மூணுலயும் முந்தின ராத்திரியே டிஷ்யூ பேப்பர சுத்தி வச்சிருந்தேன், பக்கத்துல பழைய ஸ்டாண்டுலயும். காலையில புதுசுல பேப்பர் மொறுமொறுன்னு இல்லாட்டியும் காஞ்சு இருந்துச்சு, பழசுல ஈரத்துல ஒட்டிக்கிட்டு கிழிஞ்சு வந்துச்சு. அடி பலகைய கழட்டி வேர மட்டும் எடை போட்டேன், 4.1 கிலோ 4.3 ஆயிருக்கு, மரம் மழைக்கு அந்த அளவு ஈரம் குடிக்கத்தான் செய்யும். பழசு 2.6லேர்ந்து 3.1.

தங்கச்சி பைக்குள்ள வச்சிருந்த அந்த துருக்கறை ஆரத்துக்கு கயித்த மாத்தி, கார்த்திகை ஸ்டால்ல வேரோட நடு விரல்ல தொங்கவிட்டா. மூணு நாளும் மழை, நூல் வெள்ளையாவே இருந்துச்சு.

பழைய ஸ்டாண்டையும் விட மனசு வரல. வார்னிஷ சுரண்டி, கொக்கிய கழட்டி, அடியில ஓட்டைய துளைச்சு, சுடுதண்ணி காட்டி நேத்து காலையிலதான் ஐஸ் பெட்டிக்குள்ள எறக்கினேன். இந்த தடவ மொட்டமாடியில மழைத்தண்ணி நெறைய இருக்கு, அதனால முதல் தண்ணியே 30ல ஆரம்பிச்சேன். இன்னிக்கு மீட்டர விட்டு பாத்தேன், 640.